கிரைண்டருக்காக விற்ற பங்குகள்

2001 செப்டம்பர். பெங்களூர் ஆஸ்டின் டவுனில் ஒரு பங்குத் தரகர் அலுவலகத்தில் என்னிடமிருந்த சாஃப்ட்வேர் பங்குகளை விற்றேன். வீட்டில் கிரைண்டர் பழுது. புதிது வாங்க வேண்டும். ஆனால் என் வாய் சும்மா இருக்குமா? "மேலிடத்துத் தகவல்! பெரிசா ஏதோ நடக்கப் போகுது, எல்லாரும் வித்துடுங்க" என்று அங்கிருந்தவர்களிடம் கதை விட்டேன்.

மறுநாள், நம் நேரப்படி மாலையில், அமெரிக்காவில் விமானங்கள் மோதிக் கோபுரங்கள் சரிந்தன. சந்தையும் மண்ணைக் கவ்வியது. தாக்குதலை முன்பே தெரிந்துகொண்டு பங்குகளை விற்றவர்கள் உண்டா என்று விசாரிப்பதாகப் பேப்பரில் படித்தேன். தரகரின் குமாஸ்தா மஞ்சுநாத், எல்லோரையும் 'குரு' என்றே கூப்பிடுபவர், என்னைப் பார்த்ததும், "ஏன் குரு, உனக்கு மட்டும் போன் பண்ணிச் சொன்னாங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்காமல் வீட்டுக்கு வந்து மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன்.

அந்த வாரமே வீட்டு வாசலில் ஒரு போலீஸ்காரர்! பாத்ரூமுக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். மனைவி கதவைத் தட்டினாள்.

"வெளிய வாங்க. பக்கத்து வீட்டுப் பையன் பாஸ்போர்ட்டுக்கு விசாரிக்க வந்திருக்காரு. கிரைண்டருக்கு வித்த மூஞ்சிக்கு மேலிடத்துத் தகவல் ஒரு கேடா?"

பயம் போனதும் கோபம் வந்தது. மாவரைக்க விற்றவன் பாத்ரூமில் நடுங்குகிறான். இத்தனை உயிர் போகும் என்று தெரிந்தும், ஒரு வார்த்தை எச்சரிக்காமல் அதில் லாபம் பார்த்தவன் எவனாவது இருந்தால், ஏசி அறையில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பான். அப்படி ஒருவன் பிடிபட்டதாக இன்றுவரை நான் படிக்கவில்லை.

இப்போதெல்லாம் பங்கு விற்கப் போனால், நுழையும்போதே காரணத்தை உரக்கச் சொல்லிவிடுகிறேன். போன மாதம், "மூல ஆபரேஷனுக்கு!" என்றேன். பெரிய ஆட்களையும் இப்படிச் சொல்லிவிட்டு விற்கச் சொல்லுங்கள், பார்ப்போம்!

- எஸ். தனபால், பெங்களூர்