சாமிக்கு மட்டும் காட்டிய நாற்காலி

பொருள்களின் வடிவத்தைப் பதிவுசெய்து காப்பதுதான் என் வக்கீல் தொழில். விண்ணப்பத்துக்கு முன்பே வடிவம் வெளியே தெரிந்துவிட்டால் பதிவு நிற்காது.

அடி அண்ணாமலையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், கிரிவலம் வருகிறவர்கள் தோளில் மாட்டிக்கொள்ளும்படி மடக்கு நாற்காலி ஒன்று செய்து எடுத்துவந்தார். "இதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது காட்டுனீங்களா?" என்றேன்.

"சாமிகிட்ட மட்டும்தான் சார். பூஜை போட்டேன்."

சிரித்துக்கொண்டே விண்ணப்பித்தேன். பதிவும் கிடைத்தது. பிறகு ஒரு கம்பெனி அதை அப்படியே காப்பியடித்து விற்க, வழக்குப் போட்டோம்.

விசாரணையன்று எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு தாளை நீட்டினார். எங்கள் ஊர் ஃபேஸ்புக் குழுவில், விண்ணப்பத்துக்கு நான்கு நாள் முன்பு என் கட்சிக்காரரே போட்ட படம். சந்தனமும் மாலையுமாக அதே நாற்காலி.

தாளை வாங்கிப் பார்த்தேன். படத்தின் கீழே கமெண்டுகளில் வரிசையாகக் கும்பிடும் கைகள். முதல் கை என் பெயரில் இருந்தது. மாலை போட்ட எந்தப் படம் வந்தாலும் என்னவென்று பார்க்காமல் கும்பிடு போடுகிறவன் நான்.

அது உறைக்கும் முன்பே கட்சிக்காரரிடம் சீறிவிட்டேன். "இத ஏன்யா என்கிட்ட சொல்லல?"

அவர் குழம்பிப்போய்ப் பார்த்தார். "நீங்க கும்புட்டிருந்தீங்களே சார். அதப் பாத்துட்டுதான் உங்ககிட்ட வந்தேன்."