நடுங்காத கை

குடியை விட்டவனைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "இப்ப நல்லா இருக்கீகளா?" நானும் "நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிடுவேன். அலுப்பாக இருக்கிறது என்று சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்? குடித்த காலத்தில் சாயங்காலம் என்றால் கடை, கடை முடிந்தால் தூக்கம், அவ்வளவுதான். இப்போது சாயங்காலம் வந்தால் முடியவே மாட்டேன் என்கிறது. டீ குடிக்கிறேன், காராச்சேவு தின்கிறேன், கண்மாய்க்கரை வரைக்கும் நடந்துவிட்டு வருகிறேன், மணியைப் பார்த்தால் ஏழுகூட ஆகியிருக்காது.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் எனக்கும் என் மனைவிக்கும் வேலை. காலையில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். பூச்சட்டிக்கு, அதுதான் புஸ்வாணத்துக்கு, வெடிமருந்து அடைப்பது என் வேலை. பொட்டல் காட்டுக்குள் தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன ரூம்கள், ஒரு ரூமுக்கு நாலு வாசல், நாலு பேர். மருந்தை அளவாகப் போட்டு, கட்டையால் பதமாக அழுத்த வேண்டும். அழுத்தம் கூடினாலும் ஆபத்து, உரசினாலும் ஆபத்து. ஒருத்தர் கை தவறினால் நாலு பேருக்கும் சோலி முடிந்தது. அதனால் எங்கள் ஊரில் ஓர் ஆளைப் பற்றி விசாரித்தால் குணத்தைக் கேட்கிறதுக்கு முன்னால் கையைத்தான் கேட்பார்கள்.

என் கை நல்ல கை என்று பெயர் வாங்கிய கைதான். குடி கூடக்கூட, காலையில் எழுந்ததும் அது நடுங்க ஆரம்பித்தது. நடுங்குகிற கையோடு மருந்து ரூமுக்குள் போகலாமா? மற்ற மூன்று பேர் என்ன பாவம் செய்தார்கள்? அதனால் வேன் வருவதற்கு முன்னால், முந்தின நாள் மிச்சம் வைத்ததில் ஒரு மடக்கு ஊற்றிக்கொள்வேன். கை நின்றுவிடும். வெற்றிலையை மென்றுகொண்டு வேனில் ஏறுவேன். சத்தியமாகச் சொல்கிறேன், அதைக் குடி என்றே நான் நினைக்கவில்லை, பொறுப்பு என்றுதான் நினைத்தேன். "நாலு உயிரு சமாச்சாரம்ல" என்று மனைவியிடமே சொல்வேன். நாலு பேரைக் காப்பாற்றுவதற்காகக் காலையிலேயே குடிக்கிற உத்தமன்! என்னைப் போல இன்னும் சில உத்தமர்கள் அந்த வேனில் இருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் என் மனைவி போர்மேனிடம் போய், தன்னை என் ரூமிலேயே போடச் சொன்னாள். எங்கள் பக்கம் அது வழக்கமில்லை. புருசனும் பொண்டாட்டியும் ஒரே ரூமில் உட்கார மாட்டார்கள். ஏதாவது ஒன்று ஆகிப்போனால் பிள்ளைகளுக்கு ஒருத்தராவது மிஞ்ச வேண்டும். எங்களுக்கு ஒரே மகள், பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். வேனில் வந்த பெண்கள் எல்லோரும் அவளை ஏசினார்கள். "ஏத்தா, கிறுக்கா பிடிச்சிருக்கு? பொட்டப்பிள்ளைய வச்சுக்கிட்டு ரெண்டு பேரும் ஒரு ரூம்லயா உக்காருவீக?" எனக்கோ பெருமை தாங்கவில்லை. "நான் இல்லாம அவளால ஒரு நேரம் இருக்க முடியாதுலே" என்று கடையில் உட்கார்ந்து அளந்துவிட்டேன்.

அவள் எனக்கு எதிரே உட்கார்ந்து வேலை பார்ப்பாள். அவ்வப்போது நிமிர்ந்து பார்ப்பாள். என் முகத்தைப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் காலை வீட்டில் மிச்சம் ஒரு சொட்டுகூட இல்லை. கடை திறக்க மத்தியானம் ஆகும். சீசன் நேரம், லீவு போட்டால் போர்மேன் கத்துவார். நடுங்குகிற கையோடேயே போய் உட்கார்ந்தேன். கட்டையைப் பிடித்தால் அது ஒரு பக்கம் போகிறது, கை ஒரு பக்கம் போகிறது. அவள் தன் வேலையை மறந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படிப் பார்த்தபடியே நகர்ந்ததில் அவளிடம் இருந்த மருந்துத் தட்டு சரிந்து கீழே விழுந்தது.

சத்தம் கேட்டதுதான் தெரியும். ஆளுக்கு ஒரு வாசல் வழியாக நாலு பேரும் வெளியே ஓடினோம். வேப்பமரத்தடியில் நின்று திரும்பிப் பார்த்தால் ரூம் அப்படியே நிற்கிறது, ஒன்றும் ஆகவில்லை. என் மனைவியின் சேலை முழுக்க மருந்து கொட்டியிருந்தது. போர்மேன் ஓடி வந்தார்.

"கண்ண எங்கத்தா வச்சிருந்த? நாலு பேரையும் சேத்து அள்ளணும்னா வந்த?"

"தூக்கக் கலக்கம் அண்ணாச்சி" என்றாள். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அத்தனை பேர் முன்னால் ஏச்சு வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்து நின்றாள். நானும் வாயைத் திறக்கவில்லை. சீ, அந்த நேரத்தில்கூட நான் கடை எப்போது திறக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கே விட்டுவிட்டேன் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். அன்றைக்கும் குடித்தேன். மறுநாள் நானே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நின்றேன். "பட்டுன்னு விட்டா வலிப்பு வந்துரும், மாத்திரை போட்டுக்கிட்டுத்தான் விடணும்" என்றார் டாக்டரம்மா. மாத்திரையைப் போட்டுக்கொண்டு வீட்டில் கிடந்தேன். வேர்வை, வாந்தி, சுவரில் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு பிரமை. மனைவி கஞ்சி வைத்துவிட்டு வேனுக்குப் போய்விடுவாள். அந்த நாட்களைப் பற்றி இதற்கு மேல் பேச எனக்குத் தெம்பில்லை.

கம்பெனிக்குத் திரும்பியபோது, நான் ஆஸ்பத்திரிக்குப் போன கதை காதுக்கு எட்டியிருந்ததால், போர்மேன் என்னை மருந்து ரூம் பக்கமே விடவில்லை. தாள் குழாய் சுற்றுகிற கொட்டகையில் போட்டார். அங்கே எல்லோரும் பெண்கள். "அண்ணே, பசைய அம்புட்டுத் தடவாதீக, வீட்டுச் சுவருக்கா பூசுறீக?" என்று ஒரே கேலி. கோபம் வரும், எழுந்து போகலாம் என்று தோன்றும். போனால் கால் தானாகக் கடைக்குப் போய்விடும் என்று தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினேன். பசி எடுத்தது, சாப்பிட்டேன். தூக்கம் மட்டும் லேசில் வரவில்லை. பழைய கூட்டாளிகள் ரோட்டில் பார்த்தால், "ஏலே, சாமியார் வாராருலே" என்பார்கள். சாயங்காலம் மகள் வீட்டுப்பாடம் எழுதுகிற பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பேன். பேச ஒன்றும் இருக்காது, ரெண்டு பேருக்கும் பழக்கமில்லை. அவளும் முதலில் கொஞ்சம் தள்ளித்தான் உட்கார்ந்தாள். பிறகு தள்ளி உட்காரவில்லை.

இப்படியே ரெண்டு தீபாவளி போய்விட்டது. இந்த வருடம் ஆர்டர் கூடுதல், மருந்து அடைக்க ஆள் பற்றவில்லை. போர்மேன் கொட்டகைக்கு வந்து என் முன்னால் நின்றார்.

"ஏலே, கைய நீட்டு."

நீட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். விரலில் ஓர் அசைவு இல்லை.

"நாளைக்கு உம் பழைய ரூமுக்கே போ. அங்கன ஒரு ஆள் கொறையுது."

ஊரையே கூட்டிச் சொல்ல வேண்டும்போல இருந்தது. அந்த ரூமில் இன்னும் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவளிடம் முன்கூட்டியே சொல்லவில்லை, நேரே போய் நின்று ஆச்சரியப்படுத்தலாம் என்று ஓர் ஆசை. மறுநாள், மண் ஒட்டக்கூடாது என்று கால் இரண்டையும் கழுவிக்கொண்டு ரூமுக்குள் நுழைந்தேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். எழுந்தாள், தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டாள், போர்மேனிடம் ஏதோ சொல்லிவிட்டு அடுத்த ரூமுக்குப் போய்விட்டாள்.

எனக்கு நெஞ்சு எரிந்தது. குடிகாரனாக இருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்தவள், நடுக்கம் நின்ற பிறகு எழுந்து போகிறாள். ரெண்டு வருடம் நாக்கைக் கட்டி, வாயைக் கட்டி, நாயாகக் கிடந்ததற்கு இதுதானா மரியாதை? அன்று மாலை வேனை விட்டு இறங்கி நடக்கிறபோது கடை வெளிச்சம் கண்ணில் பட்டது. விட்ட நாளிலிருந்து அன்றைக்கு இழுத்த மாதிரி அது என்னை இழுத்ததே இல்லை.

வீட்டுக்குள் போனதும் கத்தினேன். "இன்னுமா என்னைய நம்பல நீ? போர்மேனே நம்புதாரு. ஒன்னோட ரூம்ல உக்காரக்கூட எனக்கு யோக்கியதை இல்லையா?"

அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"நம்பாம யாரு எந்திரிச்சுப் போனா?"

"பின்ன எதுக்குப் போன? அம்புட்டுக் குடிச்சப்பவும் கூடவேதான உக்காந்திருந்த?"

"அப்ப நான் வேற ரூம்ல உக்காந்து எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, நீங்க இருந்து என்ன பண்ணுவீக? பிள்ளைக்குச் சோறு போடுவீகளா? அவளைப் பத்தி எங்க அக்காகிட்டச் சொல்லி வச்சிருந்தேன், ரெண்டு பேரும் போயிட்டா நீ பாத்துக்கோன்னு. தனியா உக்காந்து புண்ணியம் இல்ல, பக்கத்துல இருந்து ஒங்க கையவாவது பாத்துக்கிருவோம்னு வந்தேன்."

அரிசியில் இன்னொரு தடவை தண்ணீர் ஊற்றிக்கொண்டே அவள் தொடர்ந்தாள்.

"போன வாரம் பிள்ளைக்கு வயித்து வலின்னு பள்ளிக்கூடத்துல இருந்து கம்பெனி கேட்டுக்குப் போன் வந்துச்சுல்ல, வாட்ச்மேன் ஓடிவந்து ஒங்களத்தான கூப்பிட்டாரு? டீச்சரு யாரக் கூப்பிடன்னு கேட்டதுக்கு, எங்க அப்பாவன்னு சொல்லியிருக்கா. எம் பேரச் சொல்லல." களைந்த தண்ணீரைக் கொட்டினாள். "இப்ப ஒருத்தர் போனாலும் ஒருத்தர் இருக்கோம்ல. அதக் கெடுத்துக்கிறணுமா?"

நான் சுவரோரமாக உட்கார்ந்தேன். அழுகை வந்தது, அழுதேன். அவளுக்குக் காலையிலிருந்து வேலை பார்த்த அலுப்பு, உலையில் அரிசியைப் போட்டுவிட்டுத் தரையில் அப்படியே படுத்துவிட்டாள்.

மறுநாள் வேனை விட்டு இறங்கியதும் நானே போர்மேனிடம் போனேன். இனிமேல் எங்கள் ரெண்டு பேரையும் ஒரே ரூமில் போட வேண்டாம் என்றேன். "ஏம்லே, வீட்டுல சண்டையா?" என்று சிரித்தார்.

"சண்டையெல்லாம் இல்ல அண்ணாச்சி. பிள்ளை இருக்குல்ல" என்றேன்.