சுப்பையன் குரலில் வந்த செய்தி

இது நடந்தது. நம்பாதவர்கள் காரமடைப் பக்கம் வந்து, "கட்டுக்கதைதானே?" என்று அன்புக்கரசியிடமே கேட்டுப் பாருங்கள். நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள்.

தொண்ணூற்றாறு ஐப்பசி. அடைமழை. துணை மின்நிலையத்தில் ஆபரேட்டர் அன்புக்கரசிக்குப் பகல் ஷிஃப்ட். டெலிபோன் காலையிலேயே செத்துவிட்டது. மிச்சம் இருந்தது ஒயர்லெஸ் ஒன்றுதான். அதுவும் வரும், போகும். அறுந்த கம்பியை இழுத்துக் கட்ட லைன்மேன் சுப்பையன் மேற்கு லைனில் கம்பம் ஏறியிருந்தார். அவருக்காக அந்த லைனில் கரண்டை அவள்தான் நிறுத்தியிருந்தாள். 'இறங்கிவிட்டேன்' என்று அவரே சொல்ல வேண்டும். அதை அவள் திருப்பிச் சொல்ல வேண்டும். தப்பிருந்தால் அவர் திருத்த வேண்டும். அதற்குப் பிறகுதான் கரண்ட். இரைச்சலில் ஒரு சொல் தவறினாலும் கம்பத்தில் இருக்கிற ஆள் கரிக்கட்டைதான்.

மூன்று மணி இருக்கும். கர்ர்ர்... கர்ர்ர்...

"அம்மணி, சுப்பையனுங்க. எழுவத்தி ரெண்டாங் கம்பம். எறங்கிப்போட்டேன். கரண்ட் உடுங்க."

அவர் குரலேதான். பக்கத்தில் நின்ற இன்ஜினியர் ரவிக்குமார், "அப்பாடா, போடுங்க" என்றார்.

அவளுக்கு என்னவோ உறுத்தியது. கொட்டுகிற மழையில் நிற்பவர் பேசுகிறார். பின்னால் மழைச் சத்தமே இல்லை. வேண்டுமென்றே தப்பாகத் திருப்பிச் சொன்னாள்.

"தொண்ணூறாங் கம்பம். எறங்கிட்டீங்க. சரிங்களாண்ணா?"

"சரிங்க அம்மணி."

சுப்பையன் பழுத்த ஆள். கம்பம் நம்பர் மாறினால் கத்தித் தீர்த்துவிடுவார்.

"நான் உங்க சம்சாரம் வள்ளியாத்தாள் பேசறேன். சரிங்களா?"

"சரிங்க அம்மணி."

மைக்கைக் கீழே வைத்தாள். ரவிக்குமார் சுவிட்சை நோக்கி நகர்ந்தார்.

"ஏனுங்க, மேக்கால ஊரெல்லாம் கரண்ட் இல்லாமக் கெடக்குது. நாந்தான் பதில் சொல்லோணும். தள்ளுங்க."

குறுக்கே போய் நின்றாள்.

"தொட்டுப் பாருங்க சார். என் வேலை போனாப் போவுட்டும்."

கர்ர்ர்... "கரண்ட் உடுங்க."

கர்ர்ர்... "உடுங்க அம்மணி..."

இப்போது அது கெஞ்சியது.

அவளுக்குப் பயம்தான். கோபம் அதைவிடப் பெரிதாக வந்தது. மைக்கை இழுத்தாள்.

"நீ யாரா இருந்தாலுஞ் செரி. அண்ணன் என் முன்னால வந்து நிக்காமக் கரண்ட் கெடையாது. போடா!"

சத்தம் நின்றது.

கொஞ்ச நேரம் கழித்து... வாசலில் சைக்கிள் ஸ்டாண்ட் போடும் சத்தம்.

சுப்பையன். சொட்டச் சொட்ட. உயிரோடு.

அவள் அழுதேவிட்டாள். "எறங்கிட்டேன்னு நீங்க சொன்னீங்களாண்ணா?"

"நானெங்கீங்க சொன்னேன்? நீங்கதான் ஒயர்லெஸ்ல உடாமக் கூப்பிட்டுட்டே இருந்தீங்க. கெழக்கு லைனையும் நிறுத்திப்போட்டேன், அதுலயும் ஏறுங்கண்ணான்னு. கம்பத்துல காலும் வெச்சுட்டேன். எதுக்கும் நேர்ல ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு வந்தனுங்க."

அன்புக்கரசி கிழக்கு லைன் மீட்டரைத் திரும்பிப் பார்த்தாள்.

கிழக்கு லைனை அன்று அவள் நிறுத்தவேயில்லை.