ஒரு படகின் பெயரை அழித்தேன்

தொண்ணூற்றேழில் பே ஏரியாவில் ஒரு சின்ன அருங்காட்சியகத்துக்கு என்னைக் கான்ட்ராக்டில் அனுப்பியிருந்தார்கள். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய வருடங்களில் பாலினேசியத் தீவுகளிலிருந்து வாங்கி வந்த படகு, துடுப்பு, பாய் எல்லாவற்றுக்கும் கையால் எழுதிய அட்டைகள் இருந்தன. அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. ஏற்றி முடித்த அட்டைகளைக் கிழித்துப்போடக் கையெழுத்திட்டதும் நான்தான்.

இரண்டு படகுகளைப் பக்கம் பக்கமாக இணைத்த இரட்டைப் படகுகளுக்குப் 'பெயர்' என்ற கட்டத்தில் படகுக்கொரு சொல் இருந்தது. ஒரே வகைப் படகுக்கு இத்தனை பெயரா என்று எரிச்சல் வந்தது. எல்லாவற்றையும், இரட்டைப் படகுக்கு இங்கிலீஷில் சொல்லும் 'கேட்டமரான்' என்று மாற்றினேன். அந்தச் சொல்லே நம் கட்டுமரத்திலிருந்து போனதல்லவா! மெரினாவில் நான் பார்த்த கட்டுமரம் நாலைந்து மரங்களைச் சேர்த்துக் கட்டியது, இரட்டைப் படகே இல்லை. அது தெரிந்தும் மாற்றினேன். சுத்தமான ஆர்வக்கோளாறு. பெருமை தாங்காமல் மனைவிக்கு ஃபோன் வேறு செய்தேன்.

"ஆமா, உங்களுக்குச் சிலை வெக்கப் போறாங்க. வர்றப்போ பால் பிக்கப் பண்ணிட்டு வாங்க" என்றாள்.

இரண்டு மாதம் கழித்து, அறுபத்தைந்து வயதிருக்கும் ஒரு டோங்கா தீவுப் பெண்மணி வந்தார். அங்கே காட்சிக்கு இருந்த படகு ஒன்று அவருடைய அப்பா கட்டியது. அப்பா அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தாராம், நாம் பிள்ளைக்கு வைப்பதுபோல. வாங்கிய துரை அதைக் கேட்டு எழுதிக்கொண்டதை வீட்டில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பெயர்தான் அவருக்கு வேண்டும்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தக் கட்டத்தில் இருந்தவை வகைகள் அல்ல. ஒவ்வொன்றும் ஒரு படகின் பெயர். பழைய ஃபைலின் மேலேயே புதியதை எழுதித் தொலைத்திருந்தேன். அட்டையும் இல்லை. திரையைத் திருப்பிக் காட்டினேன்.

"இது இங்கிலீஷ் ஆயிற்றே. அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாதே" என்றார்.

"இங்கிலீஷ் இல்லை, எங்கள் தமிழ்" என்றேன். வாழ்நாளில் தமிழ் என்று சொல்லக் கூசியது அன்றுதான். பிறகு நான் செய்ததை ஒளிக்காமல் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

திரையை என் பக்கமே திருப்பி வைத்தார்.

"என் அண்ணனுக்கு அந்தப் பெயர் ஞாபகம் இருந்தது. இங்கே எழுதி வைத்திருக்கிறார்களே என்று நான் அவனிடம் கேட்காமலே இருந்துவிட்டேன்" என்றார். "போன மாதம்தான் அவனைப் புதைத்தோம்."