குடிக்காதவரின் ரத்தம்

திருப்பதியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில், என் நைனாவின் (அப்பாவின்) சர்க்கரை ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்த மாலையில் அவரைப் பார்த்தேன். நடுத்தர வயது. சரிந்து விழும் இடது இமையைக் கட்டைவிரலால் தூக்கிப் பிடித்தபடிதான் பேசினார். நாக்கும் குழறியது.

"குடிச்சிக்கினு வந்திருக்கேன்னு நினைக்காதே தம்பி. சத்தியவேடு கம்பெனில அப்படிச் சொல்லித்தான் வேலைய விட்டு அனுப்பிட்டாங்க. வீட்லயும் நம்பல. காலைல நல்லாத்தான் இருப்பேன். பொழுது சாஞ்சா இப்படி."

நரம்பின் கட்டளை தசைக்குப் போய்ச் சேராமல் உடம்பே தடுக்கிற நோயாக இருக்கலாம் என்றாராம் டாக்டர். தடுக்கும் பொருள் ரத்தத்தில் தெரியுமாம். சென்னைக்கு அனுப்பிய அந்தச் சோதனையின் முடிவு அன்று வரவேண்டும்.

"ஒண்ணும் இருக்காதுண்ணா" என்றேன்.

"ஐயோ, வாய வச்சிடாதபா! இருக்கணும்னு ஏழுமலையான வேண்டிக்கினு வந்திருக்கேன்."

கவுண்டர் பெண் தயங்கித் தயங்கி, "பாசிட்டிவ் அண்ணா" என்றாள். அவர் உடனே மனைவிக்குப் போன் போட்டு, "படிச்ச பையன் சொல்றான், கேளு" என்று என்னிடம் நீட்டினார்.

"நெஜமா குடி இல்லியா?" என்றது அந்தக் குரல்.

"இல்லக்கா, வியாதிதான்."

அந்தப் பக்கம் அழுகை வெடித்தது. இந்தப் பக்கம் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அப்போது என் முகத்தை எப்படி வைத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.