சபை ஆமென் பாடிய பிறகு

நான் குடியிருக்கும் ஜெர்மன் ஊரில் மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை பியானோவைத் தொடக் கூடாது. ரூஹெட்சைட் என்று பெயர், ஓய்வு நேரமாம். லாரியும் கோயில் ஸ்பீக்கரும் சர்ச் மணியும் போட்டி போட்டுக் கத்துகிற அம்பத்தூரில் வளர்ந்தவனுக்கு இது என்ன கூத்து என்றுதான் இருக்கும். கீழ்வீட்டு அம்மா ஃபிராவ் கெல்லர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பார். ஒரு வாரம் நான் பியானோவைத் திறக்கவே இல்லை. படிக்கட்டில் என்னைப் பார்த்தவர், "இந்த வாரம் எவ்வளவு அமைதி, டாங்கெ" என்று நன்றி சொன்னார். "பிட்டெ", பரவாயில்லை, என்று சொல்லிவிட்டு மேலே ஏறிவிட்டேன். அது என் அப்பா செத்துப்போன வாரம்.

அப்பா ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் ஃபிட்டர். அம்பத்தூர் மேனாம்பேட்டில் வீடு. சர்ச் பாடகர் குழுவில் பேஸ் பாடுவார், அதாவது அடிக்குரல். ராகத்தை மற்றவர்கள் பாட, இவர் அடியில் தூண் மாதிரி நிற்பார். முப்பது வருஷத்தில் ஒரு தடவைகூட ராகம் அவர் பக்கம் வந்ததில்லை. அவர் போன செய்தியை எஸ்டிடி பூத்திலிருந்து அம்மாதான் சொன்னாள். "நாளைக்கு மூணு மணிக்கு எடுக்குறாங்கடா." எந்த விமானம் பிடித்தாலும் சேர முடியாது. மூன்றாம் நாள் இங்கே என் இசைக்கோவை ஒன்றின் முதல் அரங்கேற்றம். போனேன். கைதட்டினார்கள், குனிந்தேன். பாவி எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. பல் பிடுங்கும் ஊசி போட்ட கன்னம் மாதிரி உடம்பு பூரா மரத்துக் கிடந்தது.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று ஊரில் கேட்டால் பாட்டு எழுதுகிறேன் என்பேன். "சினிமாவுக்கா?" என்பார்கள். இல்லை என்றதும் பாவம் பார்ப்பார்கள். இங்கேயும் அதே கதைதான். "அது சரி, சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள்?" என்று ஃபிராவ் கெல்லர் கேட்டிருக்கிறார்.

அப்பாவின் முதலாம் வருஷ நினைவு ஆராதனைக்கு ஒரு பாட்டு எழுதினேன். முதல் பாதி நான்கு குரல்களுக்கு. பிறகு நான்கு பார் மௌனம், அதாவது பதினாறு எண்ணும் நேரம். பிறகு பேஸ் மட்டும், ராகத்தோடு, ஒரே வரி: "வந்துட்டேன்பா." அடக்கத்துக்கு வராத மகன் அந்த சர்ச்சில், அவர் நின்ற இடத்தில், அவர் குரலில் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியாக வேண்டும். அதற்காகத்தான் விமானம் ஏறினேன். அப்போதாவது அழுகை வரும் என்றும் நினைத்தேன்.

எங்கள் குழுவில் கோடு போட்ட நோட்டேஷன் யாருக்கும் படிக்க வராது. எல்லாம் டோ ரே மீ எழுத்து, சோல்ஃபா. உட்கார்ந்து முழுவதையும் மாற்றி எழுதினேன். சோல்ஃபாவில் மௌனத்துக்கு அடையாளமே கிடையாது, இடத்தைக் காலியாக விடவேண்டும், அவ்வளவுதான். குழுத் தலைவர் ஜெயசீலன் அண்ணன், பாடி பக்கம் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுபவர், தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாபா, இங்க எழுத மறந்துட்டியா? காலியா கீது."

"மௌனம்ணே. மனசுல எண்ணிக்கினு நிக்கணும்."

"சர்தான், நின்னுட்டா போச்சு."

மூன்று நாள் ஒத்திகை. பதினாறு எண்ணி, பிசகாமல் பேஸ் எடுத்தார்கள். குறையே இல்லை.

ஆராதனையன்று முதல் பாதி நன்றாகவே போனது. மௌனம் வந்தது. கையை உயர்த்தியபடி எண்ணினேன். ஐந்து, ஆறு. ஒத்திகைக்கு வராதது சபைதான். பாட்டு முடிந்தால் ஆமென் பாடுவது அவர்கள் வழக்கம். முன்வரிசைப் பெண்கள் ஆரம்பிக்க, முந்நூறு பேரும் சேர்ந்து "ஆ... மென்" என்று பாடினார்கள். குழுவும் நாலு குரலில் கூடவே பாடியது. போதகர் எழுந்து, "ஜெபம் செய்வோம்" என்றார். எல்லாரும் முழங்காலில் நின்றார்கள். என் கை மட்டும் மேலே இருந்தது.

"அதெப்டிபா, சபை ஆமென் போட்ட அப்புறம் நாம பாடறது?" என்றார் ஜெயசீலன் அண்ணன், ஆராதனை முடிந்ததும். அவர் கேட்டதும் நியாயம்தானே.

வாசலில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லா இருந்திச்சிடா. சின்னதா, அழகா முடிச்சிட்ட." இன்னும் ஒரு வரி இருந்தது என்று அவளிடம் சொல்லவில்லை. அன்றைக்கும் அழுகை வரவில்லை.

ஆறு மாதம் கழித்து ஜெயசீலன் அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. "தம்பி, உன் பாட்டை இப்போது எல்லா அடக்கத்துக்கும் பாடுகிறோம். முத்தாபுதுப்பேட்டைச் சபையும் கேட்டு வாங்கிப்போனது. ஆமென் வரை ஒரு தாளில் நகல் எடுத்துவிட்டோம். இரண்டாம் பக்கம் தேவைப்படவில்லை."

போன மாதம் அதே பாட்டை இங்கே ஒரு குழு பாடியது. மௌனத்தின்போது ஒருவர் இருமக்கூட இல்லை. அப்பாவைப் பார்த்தேயிராத, பேஸ் பாடும் நான்கு ஜெர்மன்காரர்கள் சுத்தமாக, ஒரு ஸ்வரம் பிசகாமல், "வந்துட்டேன்பா" என்று பாடினார்கள். முடிந்ததும் அவர்களில் ஒருவர் என்னிடம் வந்து அதற்கு என்ன பொருள் என்று கேட்டார்.

"வந்து சேர்ந்துவிட்டேன் என்று ஒரு மகன் தன் தந்தையிடம் சொல்கிறான்."

"எங்கே?"

மேனாம்பேடு என்று சொல்ல வாயெடுத்தேன். அங்கே அந்த வரியை இதுவரை யாரும் பாடியதில்லை. அப்போதுதான் அழுகை வந்தது. அவர் பதிலுக்காக மரியாதையாகக் காத்துக்கொண்டு நின்றார்.