கோவாத் தோட்டத்துப் பிள்ளைகள்

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து வன்னியில் பெரியமடுவில் குடியேறியவர்கள் நாங்கள். அங்கே சண்டை வந்து ஷெல் குண்டுகள் விழத் தொடங்கியதும் கரையோரத்து மாதா கோயில் மண்டபம் ஒன்றுக்கு ஓடி வந்தோம். அக்கா அப்போது நிறைமாதம். வழியில் ஒரு மரத்தடியிலேயே அவளுக்குப் பிரசவமாகிவிட்டது. ஆண்பிள்ளை. அழவில்லை என்று கூடவந்த மருத்துவிச்சி சொன்னாள். துணியில் சுற்றி அத்தானிடம் கொடுத்தாள். அவர் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தார். அக்காவுக்கு நினைவு திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. பிள்ளையின் முகத்தைக்கூட அவள் பார்க்கவில்லை.

மண்டபத்தில் அவள் யாரோடும் பேசமாட்டாள். பால் கட்டி வலிக்கும்போது சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து பிழிந்துவிடுவாள். அத்தான் பகலெல்லாம் வெளியே வேப்பமரத்தடியிலேயே கிடப்பார்.

ஒருநாள் பொழுதுபடும் நேரம், கோயில் பாதர் பிள்ளைகளுக்குப் படம் காட்டினார். யாரோ இரவல் கொடுத்த புரொஜெக்டர். சுவரில் ஒரு வெள்ளைச் சீலை.

“சினிமா எண்டு ஒண்டு வந்த புதிசில ஒரு பொம்பிளை எடுத்த படம் இது. பிள்ளையள் கோவாவுக்குள்ள இருந்துதான் வாறது எண்டு வெள்ளைக்காரர் சொல்லுற கதை. அப்ப படத்துக்குச் சத்தம் இல்லை. பேசாமல் பாருங்கோ” என்றார்.

தோட்டம் ஒன்று தெரிந்தது. அண்டா அண்டாவாக முட்டைக்கோவா. பூமாலை சூடிய தேவதை ஒருத்தி சிரித்தபடி வந்து, ஒரு கோவாவின் பின்னாலிருந்து பச்சைப்பிள்ளையைத் தூக்கினாள். பிறகு இன்னொன்றை. பிள்ளை காலை உதைத்தது. வாயை அகலத் திறந்து அழுதது. மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. கண்மூடித் திறப்பதற்குள் படம் முடிந்துவிட்டது.

அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

“சத்தமே கேக்கல. ஆனா உசுரோட இருந்துச்சு, பாத்தியா?”

எழுந்து நேரே அத்தானிடம் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

“ஏங்க, நம்ம புள்ள அழுவலன்னுதானே சொன்னாங்க? அந்த ஷெல் சத்தத்துல யாருக்கு என்னா கேட்டிருக்கும்? கை காலு ஆடுச்சான்னு பாத்தீங்களா?”

அத்தான் எழுந்து உட்கார்ந்தார்.

“பாத்தேன்” என்றார். “நெஞ்சுல காத வச்சுப் பாத்தேன். மூக்குல விரல வச்சுப் பாத்தேன். மனசு கேக்காம மடியிலயே வச்சிருந்தேன். ஒடம்பு சில்லுன்னு ஆனப்பறந்தான் குழி தோண்டுனேன்.”

“எப்புடி இருந்தான்?”

“ஒன்ன மாதிரித்தான். தல நெறைய முடி.”

அக்கா அவர் தோளில் சாய்ந்து கதறினாள். உள்ளே படம் பார்த்த பிள்ளைகளெல்லாம் வாசலுக்கு வந்து நின்றார்கள்.

பாதரும் வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, “நாளைக்குப் பூசையில வேண்டுறன். பிள்ளைக்கு என்ன பேர் வைச்சனீங்கள்?” என்றார்.

அக்கா அத்தானைப் பார்த்தாள்.

“வைக்கல சாமி” என்றார் அத்தான்.

“அப்ப, எங்கட பிள்ளை எண்டு சொல்லுறன்.”

அக்காவுக்குப் பிறகு பிள்ளையே பிறக்கவில்லை. ஆனால் அடுத்த நாளிலிருந்து அத்தான் மண்டபத்துக்குள் வந்து படுத்தார். அக்கா அவருக்குச் சோறு போட்டுக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து தானும் சாப்பிட்டாள்.